வாய் திறக்க முடியாத மாதங்கள்

வாயின் இரண்டு ஓரங்களும் வெடித்துப் புண்ணானால் என்ன போடலாம் என்று அக்கம்பக்கத்தார் இப்போதெல்லாம் என்னிடம்தான் கேட்கிறார்கள். ஏதாவது ஒரு களிம்பின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "மாடி ஏறினா மூச்சு வாங்குதா? சோறு தொண்டையில நிக்கிதா? மாசாமாசம் ஜாஸ்தி போவுதா?" களிம்புக்கு வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். இதையெல்லாம் என்னிடம் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதனால்தான் நான் எல்லாரிடமும் கேட்கிறேன். எழுதியும் வைக்கிறேன்.

2007இல் எனக்கு அது தொடங்கியது. அப்போது நாங்கள் கடலூர் முதுநகரில் இருந்தோம். நான் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் சாமுவேலுக்கு டிராக்டர் உதிரி பாகங்கள் விற்கும் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். மகள் பெனிட்டா ஒன்றாம் வகுப்பு. வீடு மாமனார் கட்டியது என்பதால் கணவருடைய அக்கா எஸ்தரும் எங்களோடு இருந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையலறையும் சாவிக்கொத்தும் அவர் கையில்.

முதலில் இடது ஓரத்தில் மெல்லிய கோடு போல ஒரு வெடிப்பு. கொட்டாவி விட்டால் சுரீரென்றது. நாக்கால் தடவிவிட்டால் கொஞ்ச நேரம் இதமாக இருந்தது, பிறகு இன்னும் எரிந்தது. சில நாளில் வலது ஓரமும் வெடித்தது. இரண்டு பக்கமும் வெள்ளையாக ஊறிப்போய், காய்ந்து, பொருக்குத் தட்டி, வாய் திறந்தால் பொருக்கு பிளந்து ரத்தம் கசிந்தது.

"சூடு" என்றார் அண்ணி. வெண்ணெய் தடவினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். மாசிக்காயை உரசிப் போட்டேன். மணத்தக்காளிக் கீரையைக் கடைந்து சாப்பிட்டேன். வாரம் இரண்டு முறை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். தெருமுனை மருந்துக் கடையில் மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள், சத்து மாத்திரை. சிறுநீர் மஞ்சளாகப் போனது, புண் அப்படியே இருந்தது.

சாப்பாடுதான் பெரிய வேதனை. புளிக்குழம்பு பட்டால் உயிர் போகும். வாயை அகலத் திறக்க முடியாததால் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி நடுவாயில் தள்ளுவேன். அதுவும் தொண்டையில் போய் நிற்கும். தண்ணீர் குடித்து இறக்குவேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் நான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

"அணிலு மாதிரி கொறிக்கிறா பாரு" என்று அண்ணி சிரிப்பார்.

ஆனால் இன்னொரு பசி இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கம். பச்சரிசியைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். பள்ளியில் உடைந்த சாக்பீஸ் துண்டுகளைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கழிவறையில் நின்று தின்பேன். ஒருநாள் அரிசி டப்பாவில் கை விட்டு மென்றுகொண்டிருந்தபோது அண்ணி பார்த்துவிட்டார்.

"சோறு போட்டா தொண்டையில நிக்கிதாம். திருட்டுத்தனமா பச்சரிசி மட்டும் எறங்குதாம். சாமுவேலு, உம் பொண்டாட்டிய பாருடா!"

கணவர் வந்து பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பள்ளியில் பாடல் சொல்லிக்கொடுக்கும்போது வாயைக் குவித்து விரிக்க வேண்டும். ஒருநாள் முன்வரிசைப் பெண் எழுந்து, "மிஸ், உங்க வாய்ல ரத்தம் வருது" என்றாள். கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் தொடர்ந்தேன். மறுநாள் அவளுடைய அம்மா தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்திருந்தார். நான் கதவருகே நிற்பது தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"எம் பொண்ணோட நோட்டெல்லாம் இவுங்கதான தொடறாங்க? டிவியில காட்டுறாங்களே, அந்த நோயிக்கும் இப்டித்தான் வாயெல்லாம் வெந்து, ஆளு எளச்சிப் போவாங்களாமே."

அந்த நோய் என்று அவர் சொன்னது எய்ட்ஸை. அந்த வருடங்களில் சுவரெல்லாம் அதன் விளம்பரம்தான் இருந்தது. நோய் எப்படிப் பரவும் என்று எழுதியிருந்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதன் பெயரை மட்டும் எல்லாரும் படித்திருந்தார்கள்.

தலைமையாசிரியை என்னை உட்காரச் சொல்லாமலே பேசினார். "கொஞ்ச நாள் லீவு போடுங்க ஸ்டெல்லா. தொத்து இல்லன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு அப்புறமா வாங்க."

அந்த வாரமே வீட்டில் என் தட்டும் டம்ளரும் தனியாக ஜன்னல் மேடைக்குப் போயின. அண்ணி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர் வாங்கி வந்து, "இது ஒனக்கு. தனியா கழுவிக்க" என்றார். பெனிட்டாவைத் தன் அறையில் படுக்க வைத்துக்கொண்டார். ஒருநாள் காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் குனிந்தேன். முத்தம் கொடுப்பது எங்கள் வழக்கம். அவள் இரண்டு கைகளாலும் தன் கன்னங்களை மூடிக்கொண்டாள்.

"அத்தை வேணாம்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றாள். அதில் வருத்தம்கூட இல்லை, பாடம் ஒப்பிப்பது போல் சொன்னாள்.

கணவர் ஹாலில் படுக்க ஆரம்பித்தார். உள்ளே புழுக்கமாக இருக்கிறதாம்.

எங்கள் சபையில் மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து நடக்கும். பலிபீடத்தின் முன் வரிசையாக முழங்காலிடுவோம். போதகர் அப்பம் கொடுத்துவிட்டு, ஒரே கிண்ணத்தில் திராட்சரசத்தை ஒவ்வொருவர் உதட்டுக்கும் நீட்டிக்கொண்டே வருவார். அந்த மாதம் நான் குடித்தேன். அவர் துணியால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைத் திருப்பி, எனக்கு அடுத்திருந்த கிரேஸ் அக்காவிடம் நீட்டினார். கிரேஸ் அக்கா என் திருமணத்துக்கு மாலை கட்டியவர். பெனிட்டா பிறந்தபோது மூன்று வேளையும் பத்தியச் சோறு கொண்டுவந்தவர். அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார். கிண்ணம் அவரைக் கடந்தது. அவருக்கு அடுத்தவரும் தலையைக் குனிந்தார். அதற்கடுத்தவரும்.

நான் அங்கேயே முழங்காலில் இருந்தேன். எழுந்து திரும்பினால் முழுச் சபையும் என் வாயைத்தான் பார்க்கும்.

இரண்டு நாள் கழித்துப் போதகர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார். போகும்போது வாசலில் நின்று, "அடுத்த தடவ நீ கடைசியா வந்து வாங்கிக்கம்மா. சபையில ஒரு சலசலப்பு வேணாம்" என்றார். நல்ல மனிதர்தான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகுதான் கணவர் என்னைக் கடலூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். களிம்பும் மாத்திரையும் எழுதினார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கணவரிடம் ஏதோ பேசினார். வெளியே வந்த கணவரிடம் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. சத்து கொறச்சலாம்."

அவர் முகம் வெளுத்திருந்தது. நான் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வெளியூர் போய்விட்டு வந்தவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. நான் உள்ளே வந்தால் அவர் வெளியே போவார், அவ்வளவுதான். களிம்பு தீர்ந்தது. இன்னொரு முறை டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். எனக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. காதுக்குள் வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தலை சீவினால் கொத்துக்கொத்தாக முடி வந்தது. நானும் டிவி பார்த்தவள்தானே. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் தங்கும் கணவர். அவரால்தான் எனக்கு வந்துவிட்டது என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் வாய் திறக்காமல் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். அது எனக்கு அப்போது தெரியாது.

சிதம்பரத்தில் என் தம்பி டேவிட் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஒரு வேலையாகக் கடலூர் வந்தவன் வீட்டுக்கு வந்தான். அண்ணி அவனுக்கு இட்லி வைத்தார். எனக்கும் ஜன்னல் மேடைத் தட்டில் வைத்தார். இரண்டாவது விள்ளல் என் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தேன்; தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. கண் பிதுங்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். டேவிட் ஓடிவந்து முதுகில் தட்டினான். இட்லி வெளியே வந்து விழுந்தது.

அவன் என் தட்டைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான்.

"எவ்ளோ நாளா இப்டி இருக்குது?"

"எல்லாம் டாக்டருக்குக் காட்டியாச்சு தம்பி" என்றார் அண்ணி.

"நான் ஒங்கள கேக்கலங்க." என்னிடம் திரும்பினான். "பொடவ ரெண்டு எடுத்துக்கக்கா. கெளம்பு."

கணவர் கூடத்தில் நின்றிருந்தார். தடுக்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பெனிட்டா அண்ணியின் முந்தானைக்குப் பின்னாலிருந்து கை ஆட்டினாள்.

சிதம்பரத்தில் டேவிட்டின் மனைவி செல்வி என்னைப் பார்த்ததும் முதலில் உட்கார வைத்து, சோற்றைப் பாலில் குழைத்துக் கொடுத்தாள். என்னால் பாதிக்குமேல் முடியவில்லை. அவள் என்னோடு பேசிக்கொண்டே அந்தக் கிண்ணத்தை எடுத்து, மிச்சத்தை அதே ஸ்பூனால் சாப்பிட்டாள். எதையும் நிரூபிக்கச் செய்யவில்லை. பேச்சு சுவாரசியத்தில் செய்தாள். நான் அழுததைப் பார்த்துப் பதறி, "காரமா இருக்குதா அண்ணி?" என்று கேட்டாள். பால் சோற்றில் காரம் ஏது.

மறுநாள் காலையில் சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிநோயாளிகள் பிரிவில் பெஞ்சு நிரம்பி ஜனம் தரையில் உட்கார்ந்திருந்தது. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கிழவர் முழங்காலை நீவிக்கொண்டு, "பல்லு வலியாம்மா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பல்வலி என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சுகமாக இருந்தது.

பொது மருத்துவப் பிரிவில் இருந்தது ஒரு பெண் டாக்டர். என் வாயைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு மேடுபள்ளம் இல்லாமல் வழுவழுவென்று சிவந்திருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என் கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, நடுவிரல் நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு வழியவில்லை. நகத்தின் குழிவில் ஸ்பூனில் நிற்பது போல நின்றது. பயிற்சி மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சாக்பீஸ், மண்ணு, பச்சரிசி, இதெல்லாம் திங்கணும் போல இருக்குதா?"

நான் திடுக்கிட்டேன். டேவிட்டைப் பார்த்தேன். அவனை வெளியே போகச் சொன்னார் டாக்டர். பிறகு சொன்னேன். சாக்பீஸையும் சொன்னேன், பெனிட்டா பிறந்ததிலிருந்து மாதவிடாய் எப்படிப் போகிறது என்பதையும் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"சாக்பீஸ் திங்கறது திருட்டுத்தனம் இல்ல, வியாதி. ஒடம்புல இரும்புச்சத்து அடியோட போயிடுச்சுன்னா இப்டி வரும். வாயோரம் வெடிக்கும். தொண்ட அடைக்கும். ரத்தம் பாக்கலாம். எல்லாருக்கும் எடுக்கற மாதிரி எச்.ஐ.வி.யும் பாத்துடலாம். ஒங்களுக்குச் சம்மதம்னா."

அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கூரை இடிந்து விழவில்லை. சம்மதம் என்றேன்.

ரத்தத்தின் அளவு பார்த்து வந்ததும் என்னை வீட்டுக்கு விடவில்லை. ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது அதுதான், அது குறைந்தால் படி ஏற முடியாது, காதில் ரீங்காரம் கேட்கும் என்று ஒரு பயிற்சி மாணவி விளக்கினாள். "நீங்க எப்டி நடந்து வந்தீங்க?" என்று உண்மையாகவே கேட்டாள். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கொடுத்தார்கள். வாயோரத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி எடுத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். காளான் வகைக் கிருமி இருந்தது. தோல் பலமிழந்து வெடித்த இடத்தில் எச்சில் ஊறி ஊறி அது குடியேறிவிடுமாம். நான் இதமாக இருக்கிறதென்று நாக்கால் தடவிக்கொண்டே இருந்தது அதற்குத் தீனி போட்ட மாதிரி.

எச்.ஐ.வி. முடிவைத் தனி அறையில் வைத்துச் சொல்வார்கள். மறுநாள் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். என் பக்கத்துக் கட்டிலில் லால்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார், சர்க்கரை வியாதியால் காலில் புண். என் கதையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "இருந்தா என்ன பண்ணப் போறே?" என்றார்.

"மகள பாக்காம செத்துடுவேன்."

"செத்தா எப்டிப் பாப்பே? இருந்தாலும் மருந்து இருக்குதாம்ல. அல்லாகிட்ட விடு, இந்தா ஆரஞ்சு." ஆரஞ்சு பட்டால் என் வாய் எரியும் என்று அவருக்குத் தெரியவில்லை. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

காலையில் கூப்பிட்டார்கள். அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. ஆலோசகர் என்னை உட்கார வைத்து, தேவையில்லாத முன்னுரை இல்லாமல் சொன்னார்: "உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லம்மா."

நான் மகிழ்ச்சியில் அழவில்லை. கோபம்தான் வந்தது. இது இல்லாததற்கா அந்த டம்ளர்? இருந்திருந்தாலும்தான் என்ன, டம்ளரால் அது பரவாது என்று அந்த அறையின் சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருந்தது.

டேவிட் கணவருக்கு ஃபோன் செய்தான். அவர் மதியம் வந்துவிட்டார். எனக்கு அப்போது ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பல வாரங்களுக்குப் பிறகு என் கையைப் பிடித்தார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "நான் எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா? அந்த டாக்டர் அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு, ரெண்டு பேரும் அந்த டெஸ்ட்டு பாத்துடுங்கன்னு. நான் பாண்டி போயி எனக்குப் பாத்தேன். எனக்கு இல்லன்னு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஸ்டெல்லா எனக்கு பயமே வந்துது."

அவர் நிம்மதியில் பேசிக்கொண்டே போனார். சொன்னது என்னவென்று அவருக்கே உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. தனக்கு இல்லை என்று தெரிந்தபின் வந்த பயம் என்ன பயம்? அவரிடமிருந்து வரவில்லை என்றால், நான் வேறு எங்கிருந்தோ வாங்கி வந்திருக்கிறேன் என்கிற பயம். அந்த முடிவோடு அவர் வீட்டுக்கு வந்து, ஹாலில் படுத்து, நான் சோற்றோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கையை இழுத்துக்கொண்டேன். ஊசி குத்தியிருந்த கை என்று நினைத்து அவர் பதறி, "வலிக்கிதா?" என்றார்.

பிறகு தொண்டைக்கு வந்தார்கள். சுண்ணாம்பு கரைத்தது போன்ற வெள்ளைத் திரவத்தை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் மெல்லிய ஜவ்வு ஒன்று திரை போலக் குறுக்கே வளர்ந்திருந்தது. இரும்புச்சத்து வருடக்கணக்கில் இல்லாதவர்களில் சிலருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, இப்படி வருமாம். தொண்டை மரக்க மருந்து அடித்து, விரல் பருமனில் ஒரு குழாயை உள்ளே விட்டார்கள். குமட்டிக் குமட்டிக் கண்ணீர் வழிந்தது. "முழுங்குங்க, முழுங்குங்க" என்று நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். வாயை அகலத் திறந்து வைத்ததில் இரண்டு ஓரமும் மறுபடி கிழிந்தன. குழாய் போகும்போதே ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். அன்று மாலை செல்வி கொண்டுவந்த கஞ்சி தொண்டையில் நிற்காமல் இறங்கியது. ஒரு வாய் இறங்கியதும் பயந்துபோய் நிறுத்திவிட்டேன். அது இறங்கும் என்பதையே மறந்திருந்தேன்.

மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. குடலில் பற்றிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் புழு அது. அசுத்தமான ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்துத் தோல் வழியாகவே ஏறிவிடும். எங்கே நடந்தீர்கள் என்று கேட்டார் டாக்டர். சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் பிள்ளைகளுக்காகப் போட்டிருந்த கொட்டகைகளில் மாலை வகுப்பு எடுத்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தச் சேற்று மண்ணில்தான் பிள்ளைகளோடு உட்காருவேன். சொன்னேன்.

"இருக்கலாம். வேற எங்கயும்கூட இருக்கலாம்" என்றார். "புழு ஒரு பக்கம், மாசாமாசம் போற ரத்தம் ஒரு பக்கம், சாப்பாட்டோட நீங்க குடிக்கிற டீ ஒரு பக்கம். டீ இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது. வாயோரத்துக்கு மட்டும் மருந்து போட்டா எப்டி ஆறும்?"

ஆகவே கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பொய்ப்பல் சரியாகப் பொருந்தாதவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், உதட்டை நக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கும் இந்த வெடிப்பு வரும். சிலருக்குச் சத்து மாத்திரையிலேயே சரியாகும். காளானுக்குக் களிம்பு போட வேண்டும். இடம் காய்ந்திருக்க வேண்டும், நாக்கு படக்கூடாது. ஆறவில்லை என்றால், திரும்பத் திரும்ப வந்தால், ரத்தத்தைப் பாருங்கள். எனக்குப் புழு மாத்திரை, களிம்பு, மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை. சத்து உடம்பில் சேர எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னார்கள். புண் ஆறும்வரை அது முடியாததால் வெறும் தண்ணீரோடு போட்டேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாதாமாதம் ரத்தம் அதிகம் போனதற்குக் கர்ப்பப்பையில் இருந்த ஒரு கட்டிதான் காரணம்; அதைப் பிறகு எடுத்தார்கள். வாயோரம் இரண்டே வாரத்தில் மூடிவிட்டது. இத்தனைக்கும் காரணமான புண், தழும்புகூட வைக்காமல் போனது.

கடலூர் வீட்டுக்குத் திரும்பியபோது தட்டு பழைய இடத்துக்கு வந்திருந்தது. வீட்டில் எல்லாருமே புழு மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் கொடுத்திருந்ததை எடுத்துப்போய் அண்ணியிடம் நீட்டினேன்.

"எனக்கெதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பள்ளியில் வேறொரு பெண்ணை வைத்துவிட்டார்கள். கிரேஸ் அக்கா மாதுளம்பழத்தோடு வந்து, "ரத்தம் ஊறும்டி" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். பெனிட்டா என்னிடம் படுக்க வந்தாள். ஆனால் நான் முத்தம் கொடுக்கக் குனிந்தால் இன்னமும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்வாள். முடிந்ததும் மூச்சை விடுவாள். அது போக அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

கணவரிடம் நான் பல நாள் எதுவும் கேட்கவில்லை. ஒரு மதியம் அவர் எனக்கு ஈரல் வறுவல் செய்து கொண்டுவந்து வைத்தார். சமையலறைப் பக்கமே போகாதவர். அதைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

"பாண்டில டெஸ்ட்டு எடுத்தத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஒங்களுக்கு இல்லன்னு தெரிஞ்ச அன்னைக்கே என்ன ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவல?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

"ஒனக்கு இருக்குதுன்னு வந்துட்டா ஊருக்கே தெரிஞ்சிடும். அக்கா சொல்லுச்சி, இப்டியே விட்டா சத்து கொறச்சலுன்னு போயிடும், கொழந்தைக்காவது பேரு கெடாதுன்னு." தட்டை என் பக்கம் நகர்த்தினார். "நானும் சரின்னு நெனச்சேன், ஸ்டெல்லா. ஒருநாளு ரெண்டு நாளு இல்ல. ரொம்ப நாளு நெனச்சேன்."

போயிடும் என்று சொன்னது நோயை அல்ல. என்னை.

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஈரல் ஆறிக்கொண்டிருந்தது. டாக்டர் சாப்பிடச் சொன்னது என்பதால் எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் செய்திருந்தார்.

பிறகு வேறு பள்ளியில் வேலை கிடைத்தது. அண்ணியிடமிருந்து தனியாக மஞ்சக்குப்பத்துக்கு வந்துவிட்டோம். வீடு மாற வேண்டும் என்று நான் சொன்னபோது கணவர் மறுபேச்சுப் பேசவில்லை. அவரை நான் விட்டுப் போகவில்லை. என் துணிகளை அவர் துவைத்துப் போடுகிறார். காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பார்ப்பவர்கள் எனக்கு வாய்த்த கணவரை மெச்சுகிறார்கள்.

தொண்டையில் அப்படி ஜவ்வு இருந்தவர்களுக்குப் பின்னாளில் அந்த இடத்தில் புற்று வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாம். அதனால் வருடம் ஒருமுறை சிதம்பரம் போய்க் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வருடம் 2012 வரை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார்.

"நானும் வரேன். கூட ஆளு வேணும்ல?"

"டேவிட் வருவான்."

"நானும் இருக்கேனே."

"வேணாங்க."

அவர் பஸ் நிலையம் வரை வருவார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுப்பார். நான் ஏறியதும் நடைமேடையில் நடந்தபடி ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருவார். அவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் இடம் இருக்கும். நான் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன்.